பிஸ்டலை இயக்கும் தோட்டா

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். பந்தோபஸ்துக்கு வரும் காவல் அதிகாரியின் இடுப்பிலுள்ள பிஸ்டலை எடுக்கவேண்டிய தேவை அநேகமாக வருவதில்லை. வந்தால், அது சிக்காமல் இயங்கியாக வேண்டும். அதில் பாதிப் பொறுப்பு தோட்டாவுடையது.

ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும். உருளை சுழன்று அடுத்தது வந்துவிடும். அரைத் தானியங்கி பிஸ்டலிலோ, வெடிக்கும் தோட்டாவின் உந்துதல்தான் ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளி, காலி உறையை வெளியே எறிகிறது. பிறகு சுருள்வில் ஸ்லைடை முன்னே தள்ள, மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறுகிறது. தோட்டாவிலுள்ள வெடிமருந்தின் வேகம் குறைந்தால் ஸ்லைடு பாதியில் நின்று உறை சிக்கும். மிகவும் குறைந்தால் குண்டு குழலிலேயே தங்கிவிடும். அதை அறியாமல் மீண்டும் சுட்டால் குழல் வெடிக்கலாம். மருந்து மிகுந்தாலும் ஆபத்துதான்.

ஜெர்மனியில் கியார்க் லூகர் 1902 வாக்கில் உருவாக்கிய 9 மி.மீ. தோட்டாவில் இருக்கும் மருந்து அரை கிராமுக்கும் குறைவு. அது எரியும்போது உண்டாகும் அழுத்தமோ வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் போகக்கூடியது. அதனால் சிறு பிசகும் பெரிதாகிறது.

பழைய கரிமருந்து படியவைத்த கசடு இத்தகைய நுட்பமான பொறியை விரைவில் முடக்கிவிடும். புகை குறைந்த மருந்து வந்த பிறகே தானியங்கித் துப்பாக்கிகள் பரவின. 1889-இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட கார்டைட் அவ்வகையைச் சேர்ந்தது. அதைத் தயாரிக்க 1903-இல் நீலகிரியின் அருவங்காட்டில் தொழிற்சாலை நிறுவப்பட்டது. காட்டேரி அருவியின் நீரிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்தார்கள். 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

தொழிற்சாலைத் தோட்டாக்களில் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, அழுத்தத்தையும் வேகத்தையும் சோதித்த பிறகே அனுப்புகிறார்கள். அமெரிக்காவில், சுட்ட பித்தளை உறையைச் சுத்தம்செய்து, தீப்பற்றவைக்கும் புது பிரைமரும் மருந்தும் குண்டும் பொருத்தித் தாங்களே தோட்டா செய்பவர்கள் பலர். தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ள முடிவது அதன் லாபம். ஆனால் அவர்களிடம் சோதனைக்கூடம் இல்லை. ஒரு கணக் கவனக்குறைவு போதும், மருந்தின் அளவு பிசகிவிடும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

விளையாட்டு வீரர்களும் ஆலைத் தோட்டாவையே நம்புகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய்குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் போட்டியில், கடினமான சுற்றில் 4 விநாடிக்குள் ஐந்து முறை சுடவேண்டும். இதற்குரிய .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து உறையின் விளிம்புக்குள் இருப்பதால், அதை மீண்டும் நிரப்புவது வழக்கமில்லை. பல தொகுதிகளைத் தம் பிஸ்டலில் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போகும் தொகுதியையே வீரர்கள் வாங்கிவைக்கிறார்கள்.

லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அங்கீகாரம் பெற்ற கடையில் மட்டும் தோட்டா வாங்குங்கள். தொகுதி எண் உள்ள பெட்டியிலேயே, ஈரமும் வெப்பமும் படாமல் வையுங்கள். பச்சை பூத்த, நசுங்கிய தோட்டாவைச் சுட்டுப் பார்க்க வேண்டாம். காவல்நிலையத்தில் கேட்டு ஒப்படைத்துவிடுங்கள்.