உங்களுக்குத் தெரியுமா? சப்பாத்தின் குறை இறக்கத்தில்தான் தெரியும்

வத்தேகமவிலிருந்து எல்கடுவைப் பக்கம் ஏறி ஓடும்போது சப்பாத்தின் குறை அவ்வளவாகத் தெரியாது. திரும்பி இறங்கும்போது தெரியும். இறக்கத்தில் உடம்பின் பாரம் பாதத்தை முன்னுக்குத் தள்ள, விரல்கள் சப்பாத்தின் முனையில் போய் முட்டுகின்றன. ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குள் ஒவ்வொரு காலும் கிட்டத்தட்ட ஐந்நூறு தடவை நிலத்தில் விழுகிறது. அத்தனை முட்டல்களில் நகத்துக்கு அடியில் இரத்தம் கசிந்து உறைந்துவிடும். பெருவிரல் நகம் கறுப்பது பெரும்பாலும் அதனால்தான்.

சின்னச் சப்பாத்து மட்டும்தான் நகத்தைக் கெடுக்கும் என்று நினைக்கிறோமா? பெரிய சப்பாத்தும் கெடுக்கும். பிள்ளைக்கு வாங்கும்போது, “வளருற கால்தானே, அடுத்த வருசமும் போடட்டும்” என்று ஓர் அளவு கூட்டி வாங்கி, முனையில் பஞ்சை அடைத்து அனுப்புவது நம் வீடுகளில் சாதாரணம். வகுப்புக்குப் போய்வர அது போதும். ஓட்டத்துக்குச் சரிவராது. உள்ளே பிடிமானம் இல்லாத பாதம் ஒவ்வோர் அடியிலும் வழுக்கி முன்னால் போகும். கடையில் எல்லோரும் முனையை அழுத்தி விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்கள். குதிக்கால் அசைகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். குதிக்கால் கிளம்பக்கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும், பெட்டியில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும், அந்தச் சோடியை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நீளமான விரல் என்பது எல்லோருக்கும் பெருவிரல் அல்ல. இரண்டாவது விரல் நீண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு பாதமும் ஒரே நீளம் இருப்பதும் அபூர்வம். பெரிய பாதத்துக்குத்தான் அளவு எடுக்கவேண்டும். பகல் முழுக்க நின்றும் நடந்தும் கால் சற்று வீங்கிவிடுவதால், பின்னேரத்தில், ஓடும்போது போடுகிற அதே சொக்ஸோடு கடைக்குப் போவது நல்லது. கடையில் மாடிப்படி இருந்தால் இன்னும் வசதி. சமதரையில் நாலு எட்டு நடந்து பார்ப்பதைவிட, பத்துப் படி வேகமாக இறங்கிப் பார்த்தால் உண்மை வெளிவந்துவிடும்.

8ஆம் நம்பர் என்றால் எதில் எட்டு? ஆங்கிலேயர் அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள இடைவெளி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர். ஒரு வாற்கோதுமை மணியின் நீளத்தில் தொடங்கிய கணக்கு இது. ஆண்களுக்கான அதே பிரித்தானிய 8, அடிடாஸ் பெட்டியில் அமெரிக்க 8½, நைக்கி பெட்டியில் 9. சப்பாத்து நாக்கின் உட்புறம் தைத்திருக்கும் சீட்டில் சென்ரிமீற்றர் அளவும் இருக்கும். வீட்டில் கடதாசியில் பாதத்தை வரைந்து அளந்துகொண்டு போனால், அந்த ஒரு எண் மற்ற எல்லாவற்றையும்விட உதவும்.

லேஸ் போடும் துளைகளில் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒன்று, மற்றவற்றைவிடச் சற்றுப் பின்தள்ளி, எப்போதும் வெறுமையாகவே கிடக்கும். அது அழகுக்கு இல்லை. லேஸை வெளியிலிருந்து அதே பக்கத்துத் துளைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் ஆக்குங்கள். மறுபக்கமும் அப்படியே. இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் வலதை இடதுக்குள்ளும் விட்டு, கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிக்கால் பூட்டியதுபோல நிற்கும். பன்விலை, மடுல்கலைப் பக்கம் இறக்கங்களில் ஓடுகிறவர்களுக்கு இது சும்மா கிடைக்கிற பாதுகாப்பு.

1960, ரோம் ஒலிம்பிக் மரதன். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலாவுக்கு அங்கே கிடைத்த சப்பாத்துகளில் ஒன்றும் காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினார்; 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் தங்கம், கூடவே உலக சாதனை. 1964இல் டோக்கியோவில் சப்பாத்துப் போட்டு ஓடி மீண்டும் தங்கம் வென்றார். இல்ல விளையாட்டுப் போட்டியில் வெள்ளைக் கான்வஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் புல்லில் ஓடுகிற பிள்ளையை யாரும் அதட்டவேண்டியதில்லை. பொருந்தாத சப்பாத்தைவிட வெறுங்கால் மேல். தார் ரோட்டில் ஓடும் பாடசாலை மரதனுக்கு மட்டும் இதைச் சொல்லமாட்டேன். அங்கே கண்ணாடித் துண்டும் வெயிலும் இருக்கின்றன.

போட்டி நாளில் சப்பாத்து சதி செய்வது பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. 2015 பேர்லின் மரதனில் எலியுட் கிப்சோகேயின் இரண்டு சப்பாத்திலிருந்தும் உள்தகடு நழுவி, குதிக்காலுக்குப் பின்னால் நாக்கு நீட்டியதுபோல ஆடிக்கொண்டிருந்தது. அப்படியே ஓடி 2 மணி 4 நிமிடத்தில் வென்றார். கிப்சோகேவுக்கு அது முடிந்தது! நாங்கள் புதுச் சோடியைப் போட்டி நாளன்று பெட்டியிலிருந்து எடுக்காமல் இருப்போம். நீண்ட ஓட்டம் ஒன்றிலும் வேக ஓட்டம் ஒன்றிலுமாவது அதைப் போட்டுப் பார்த்திருக்கவேண்டும்.

தடித்த அடிப்பாகம் பற்றிய சண்டை இன்று நேற்றையது அல்ல. 1957இல் சோவியத் வீரர் யூரி ஸ்தெபானொவ், மிதித்து எழும்பும் காலில் தடித்த அடி வைத்த சப்பாத்தோடு உயரம் பாய்ந்து 2.16 மீற்றர் உலக சாதனை படைத்தார். சாதனை நிலைத்தது, சப்பாத்துக்குத் தடை வந்தது. அடுத்த வருடம், 1958இல், டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அதே உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு ஆசிய விளையாட்டின் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார்.

இப்போது வீதியோட்டச் சப்பாத்தின் அடி 40 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. 2021 வியன்னா மரதனில் முதலாவதாக வந்த டெராரா ஹுரிசாவின் சப்பாத்து 50 மில்லிமீற்றர், முதலிடம் பறிபோனது. தடகளப் பாதைக்கு, 2024 நவம்பரிலிருந்து, 20 மில்லிமீற்றர்தான் எல்லை.

ஸ்பைக் வாங்குகிறவர்களுக்கு: செயற்கைத் தடத்தில் ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேல் நீளக்கூடாது, உயரம் பாய்தலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் 12. ஓர் அடிக்குப் பதினொரு ஆணிக்கு மேல் ஆகாது. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த டங்கன் வைட் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றது இப்படியான தடத்தில் அல்ல, கரித்தூள் பரப்பிய தடத்தில். பாடசாலையின் புல்தரைக்கும் கொழும்பின் செயற்கைத் தடத்துக்கும் ஒரே ஆணி சரிவராது. திருகிக் கழற்றி மாற்றக்கூடியதைப் பார்த்து வாங்குங்கள்.

சப்பாத்தின் அடி என்றதும் நமக்கு நினைவு வருவது ரப்பர்; இலங்கையில் அது முதன்முதலாக நடப்பட்டது 1876இல், கம்பஹா ஹெனரத்கொடையில். ஆனால் ஓட்டச் சப்பாத்தில் ரப்பர் இருப்பது நிலத்தைத் தொடும் மெல்லிய தகட்டில்தான். அதிர்வைத் தாங்குவது மேலே உள்ள நுரை, அது ரசாயனப் பொருள். 500 முதல் 800 கிலோமீற்றருக்குள் அந்த நுரை சோர்ந்துவிடும், அடித்தகடு தேயாமல் பளபளத்தாலும். மழையில் நனைந்த சப்பாத்தை அடுப்படியில் வைத்துக் காயப்போட்டால் இன்னும் சீக்கிரம்: பசை விடும், நுரை இறுகும். உள்தகட்டைக் கழற்றி, பழைய பத்திரிகையைக் கசக்கி உள்ளே அடைத்து, நிழலில் வையுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தாளை மாற்றினால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்திருக்கும்.