டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா? மோசடி நடந்தால் யார் பணம் சிக்குகிறது?

"கார்டு என் பர்ஸ்லதான் இருக்கு. ஓடிபி யாருக்கும் சொல்லலை. ஆனா பணம் போயிடுச்சு!" இப்படிக் கேட்டால் நம்ப முடியாததுபோல் இருக்கும். ஆனால் நடக்கக்கூடியதுதான். நாம் கார்டு எண்ணைக் கொடுத்த ஏதோ ஓர் இணையதளத்தில் இருந்து விவரம் கசிந்திருக்கலாம். நம் நாட்டு இணையதளங்களில் பொதுவாக ஓடிபி கேட்பார்கள். வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் உள்ள மூன்று இலக்க எண் இருந்தாலே போதும்.

அப்படியானால் எந்த கார்டு பாதுகாப்பானது? "கிரெடிட் கார்டு கடன்காரன் ஆக்கிடும், டெபிட் கார்டுதான் நல்லது" என்பார்கள் சிலர். "டெபிட் கார்டை ஆன்லைன்ல போடவே கூடாது" என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. முழு உண்மை என்ன என்று பார்ப்போம்.

விதி இரண்டுக்கும் ஒன்றுதான்

உங்கள் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைக்கு யார் பொறுப்பு என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவாக வரையறுத்தது. டெபிட், கிரெடிட் இரண்டு கார்டுகளுக்கும் அது பொருந்தும். சாரம் இதுதான்:

தவறு வங்கியின் பக்கம் இருந்தால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நீங்கள் புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சரி.

தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, இடையில் எங்கோ கசிந்தது என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் உங்கள் தலையில் ஒரு ரூபாயும் விழாது.

4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால் ஓரளவு நஷ்டம் உங்களுடையது. அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய். சாதாரண சேமிப்புக் கணக்குக்கும், 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் 10,000 ரூபாய். அதற்கு மேல் வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு 25,000 ரூபாய். போன தொகை இதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகை மட்டும்தான். 7 நாட்களையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும்.

ஓடிபி, பின் நம்பர் போன்றவற்றை நீங்களே கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் முழுவதும் உங்கள் நஷ்டம். சொன்ன பிறகும் போனால் அது வங்கியின் நஷ்டம்.

தகவல் வந்த நாளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வியாழக்கிழமை எஸ்எம்எஸ் வந்தால் வெள்ளி முதல் நாள். சனி விடுமுறையாக இருந்தால் திங்கள் இரண்டாம் நாள், செவ்வாய் மூன்றாம் நாள். அதற்காக செவ்வாய் வரை காத்திருக்க வேண்டாம். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கிக்குத்தான் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. வங்கி ஊழியர் "நீங்கதான் ஓடிபி சொல்லியிருப்பீங்க" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது.

அப்புறம் வித்தியாசம் எங்கே?

விதி ஒன்றாக இருந்தாலும், விசாரணை முடியும்வரை யாருடைய பணம் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் முதல் தேதி. உங்கள் சம்பளக் கணக்கில் 38,000 ரூபாய் இருக்கிறது. 5-ம் தேதி வாடகை, 7-ம் தேதி வண்டிக்கான இஎம்ஐ, 10-ம் தேதிக்குள் பள்ளிக் கட்டணம். 2-ம் தேதி இரவு டெபிட் கார்டு வழியாக 30,000 ரூபாய் போய்விடுகிறது. உடனே புகார் கொடுத்துவிட்டீர்கள். விதிப்படி வங்கி 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகத் திருப்பி வரவு வைக்க வேண்டும். பணம் போன தேதியிலிருந்தே கணக்கிடுவதால் வட்டியிலும் இழப்பு இல்லை. ஆனால் 10 வேலை நாள் என்றால் நடைமுறையில் இரண்டு வாரம். அதற்குள் வாடகை, இஎம்ஐ, பள்ளிக் கட்டணம் மூன்றும் வந்துபோய்விடும். இஎம்ஐ திரும்பினால் அபராதம். வாடகைக்குக் கைமாத்து.

அதே 30,000 ரூபாய் கிரெடிட் கார்டில் போயிருந்தால்? சம்பளக் கணக்கில் 38,000 ரூபாய் அப்படியே இருக்கும். போனது வங்கியின் பணம். "இது நான் செய்த செலவு இல்லை" என்று பில் வருவதற்கு முன்பே மறுத்து எழுதலாம். புகார் விசாரணையில் இருக்கும்போது அந்தத் தொகைக்குக் கூடுதல் வட்டிச் சுமை உங்கள்மேல் விழக்கூடாது என்பதும் விதி. உங்கள் மற்ற செலவுக்கான பாக்கியை மட்டும் தவறாமல் கட்டிவிட வேண்டும். இரண்டு கார்டிலும் புகாரை 90 நாட்களுக்குள் வங்கி முடிக்க வேண்டும்.

கிரெடிட் கார்டு தரும் கூடுதல் பாதுகாப்பு இவ்வளவுதான். வீட்டுச் செலவுக்கான பணம் தப்பிக்கிறது. நெருக்கடி இல்லாமல் வாதாட நேரம் கிடைக்கிறது.

கிரெடிட் கார்டு காப்பாற்றாத இடம்

"உங்க கார்டு லிமிட்டை ஏத்தித் தர்றோம்", "ரிவார்டு பாயிண்ட் இன்னைக்கு ராத்திரி காலாவதி ஆகுது" என்று போன் வரும். பேச்சில் மயங்கி ஓடிபியைச் சொல்லிவிட்டால் எந்த கார்டும் உங்களைக் காப்பாற்றாது. சொல்லப்போனால் அங்கே கிரெடிட் கார்டுதான் அதிக ஆபத்து. சேமிப்புக் கணக்கில் இருப்பது 8,000 ரூபாய் என்றால் போவதும் 8,000 ரூபாய்தான். கிரெடிட் கார்டு வரம்பு 2 லட்சம் என்றால் 2 லட்சமும் போகலாம். போனது மட்டுமல்ல, அது வட்டியோடு உங்கள் கடனாகவும் நிற்கும்.

பெட்ரோல் பங்க்கிலும் ஹோட்டலிலும் "பின் சொல்லுங்க சார்" என்று கேட்டால் வாயால் சொல்லும் பழக்கம் பலருக்கு உண்டு. இயந்திரத்தை வாங்கி நீங்களே அழுத்துங்கள். பின் நம்பரைச் சொன்னாலும் உங்கள் கவனக்குறைவு என்றே கொள்ளப்படும்.

எந்த கார்டை எங்கே?

மாதாமாதம் முழு பில்லையும் கட்டிவிடுவேன் என்ற கட்டுப்பாடு இருப்பவர்கள் ஆன்லைன் கடை, ஹோட்டல் முன்பதிவு, வெளிநாட்டு இணையதளம், வெளியூர்ப் பயணம் ஆகியவற்றுக்குக் கிரெடிட் கார்டைப் பயன்படுத்தலாம். வரம்பைத் தேவைக்கு மேல் ஏற்றிக்கொள்ள வேண்டாம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது. மோசடிக்காரன் எடுக்காததை வட்டி எடுத்துவிடும்.

ஏடிஎம்மில் பணம் எடுக்க டெபிட் கார்டுதான். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

டெபிட் கார்டு மட்டும்தான் இருக்கிறதா?

மகளிர் உரிமைத் தொகை, முதியோர் ஓய்வூதியம், 100 நாள் வேலைச் சம்பளம் வரும் கணக்குகளில் பெரும்பாலும் டெபிட் கார்டுதான் இருக்கும். கவலை வேண்டாம். கிரெடிட் கார்டு இல்லாமலும் ஏறத்தாழ அதே பாதுகாப்பை நாமே ஏற்படுத்திக்கொள்ளலாம்.

முதலில், பணம் வரும் கணக்கையும் செலவு செய்யும் கணக்கையும் பிரித்துவிடுங்கள். இரண்டாவது கணக்கில் 2,000 அல்லது 3,000 ரூபாய் மட்டும் வைத்து, அந்த கார்டை மட்டும் வெளியே பயன்படுத்துங்கள். போனாலும் அவ்வளவுதான் போகும்.

அடுத்து, கார்டின் சுவிட்ச். ரிசர்வ் வங்கி 2020-ல் சொன்னபடி, ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்தும் வசதி ஒவ்வொன்றையும் நாமே ஆன், ஆஃப் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் வரம்பும் வைக்கலாம். வங்கியின் செயலியில் கார்டு பகுதிக்குள் போனால் இருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆஃப் செய்துவைத்தால், மேலே சொன்ன ஓடிபி இல்லாத வழி அடைபட்டுவிடும். தட்டிச் செலுத்தும் முறையில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. அந்த வசதி தேவையில்லை என்றால் அதையும் ஆஃப் செய்யலாம்.

பணம் போனால் உடனே என்ன செய்வது?

1. செயலியில் கார்டை பிளாக் செய்யுங்கள். முடியாவிட்டால் கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கூகுளில் தேடி எடுக்கும் எண் வேண்டாம், அதிலும் மோசடி எண்கள் கலந்திருக்கும்.

2. வங்கியில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். தேதியும் நேரமும் குறித்துவையுங்கள். 3 நாள் கணக்குக்கு இதுதான் சாட்சி.

3. 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க முயற்சி நடக்கும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

4. வங்கி 30 நாட்களில் பதில் சொல்லாவிட்டாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வங்கியில் பதிவு செய்திருக்கும் செல்போன் எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கும் எண்தானா என்று பாருங்கள். சிம் மாற்றிய பலர் வங்கியில் மாற்றச் சொல்ல மறந்திருப்பார்கள். எஸ்எம்எஸ் உங்களுக்கு வராவிட்டால் பணம் போனதே தெரியாது. எந்த கார்டு வைத்திருந்தாலும் பாதுகாப்பு தொடங்குவது அந்த எஸ்எம்எஸ்ஸில்தான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கணக்கிலும் எந்த எண் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொடுங்கள்.