ஏழரை நிமிடத்தின் அரசியல்

'வேக வரம்பு' ஒரு தொழில்நுட்ப எண் என்றே நமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. இன்ஜினியர்கள் கணக்குப் போட்டு, அரசு அறிவித்து, போர்டு நட்டுவிட்டுப் போகிற ஓர் எண். இதில் எழுத என்ன இருக்கிறது என்று இலக்கியக்காரர்கள் கேட்கலாம். இயக்கத் தோழர்களுக்கும் இது 'கார் வச்சிருக்கிறவன் பிரச்சினை'. ஆனால் யார் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று சொல்லும் அதிகாரம், சாலை யாருக்கானது, அதன் ஓரத்தில் யார் காத்துக் கிடக்க வேண்டியவர் என்பதையும் கூடவே தீர்மானித்துவிடுகிறது. துறைமுகமும் உப்பளமும் ஒரே தார்ச்சாலையில் முட்டிக்கொள்ளும் தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் இது துலக்கமாகத் தெரியும்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். 2018 ஏப்ரல் 6 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவின் கீழ் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. விரைவுச்சாலைகளில் கார்களுக்கு 120 கிலோமீட்டர், நடுவில் தடுப்புள்ள நான்குவழிச் சாலைகளில் 100. சரக்கு வண்டிகளுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் நான்குவழிச் சாலையில் 80. இன்ஜின் முன்னேறிவிட்டது, சாலை மேம்பட்டுவிட்டது, ஆகவே வரம்பும் உயரலாம் என்பது அரசுத் தரப்பின் வாதம். விபத்தில் உடல் முடங்கிப்போன ஒருவருக்கான இழப்பீடு தொடர்பான மேல்முறையீட்டில் 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் என். கிருபாகரன், டி.வி. தமிழ்ச்செல்வி அமர்வு இந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அதற்கு முந்தைய 2014ஆம் ஆண்டு அறிவிக்கைக்குத் திரும்பச் சொன்னது. விபத்துக்கு முதற்காரணமே அதிவேகம் என்று அரசின் புள்ளிவிவரமே சொல்லும்போது, இன்ஜின் நன்றாயிருக்கிறது என்பது வேகத்தைக் கூட்டுவதற்கு எப்படிக் காரணமாகும் என்பதுதான் அமர்வின் கேள்வி. இரண்டு மாதம் கழிவதற்குள் அமைச்சர் நிதின் கட்கரி விரைவுச்சாலைகளில் 140 வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார்.

கேள்வி எளிமையானது. அதற்குள் இருக்கிற விஷயம் அவ்வளவு எளிமையானதல்ல.

வேக வரம்பு நிர்ணயிக்கப் பொறியாளர்கள் உலகம் முழுக்கக் கையாளும் முறை ஒன்று உண்டு. தடையில்லாத ஒரு சாலையில் வண்டிகளின் வேகத்தை அளந்து, நூற்றுக்கு 85 பேர் எந்த வேகத்துக்குள் போகிறார்களோ அதையே வரம்புக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்வது. பெரும்பான்மையோர் விவேகமுள்ளவர்கள் என்கிற நம்பிக்கை இதன் அடித்தளம். கேட்பதற்கு ஜனநாயகம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாக்கெடுப்பில் ஓட்டு யாருக்கு? வண்டிக்குள் இருக்கிறவருக்கு மட்டும். சாலையைக் கடக்க நிற்பவள், ஓரமாகச் சைக்கிள் மிதிப்பவன், ஆடு பத்திக்கொண்டு போகிறவர் யாரும் அந்த மாதிரியில் (சாம்பிளில்) இல்லவே இல்லை. அவர்கள் எண்ணப்படுவது வேறொரு பட்டியலில். 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் நூற்றுக்கு 44க்கு மேல். நடந்து போனவர்கள் நூற்றுக்கு 19க்கு மேல். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 17,884 சாவுகள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே நமக்கு முதலிடம், 64,105. வரம்பை நிர்ணயிக்கும் பட்டியலும் பிணத்தை எண்ணும் பட்டியலும் வெவ்வேறு ஜனங்களைப் பற்றியவை. 'பாதுகாப்பான வேகம்' என்ற சொல்லாடல் இந்த இடைவெளியை மூடி மறைத்துக்கொண்டுதான் புழங்குகிறது.

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வாகைகுளம் டோல்கேட்டில் நிற்பதை விட்டுவிட்டால், 80இல் போகிற வண்டிக்கு முப்பத்தேழரை நிமிடம். 100இல் போனால் முப்பது. மிச்சம் ஏழரை நிமிடம். (நம் ஊரில் ஏழரை என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.) 120க்கு உயர்த்தினால் இன்னும் ஐந்து நிமிடம். கொடுக்கிற விலையையும் பார்க்கணும். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 100 என்பது 120 ஆனால் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு அல்ல, 44 சதவீதம் கூடுகிறது. ஸ்வீடனின் கோரன் நில்சன் வகுத்த மாதிரியின்படி, உயிர்ப்பலி விபத்துகள் சராசரி வேகத்தின் நான்காம் படியை ஒட்டி ஏறும். வேகம் ஒரு சதவீதம் ஏறினால் சாவு விபத்து ஏறக்குறைய நான்கு சதவீதம். போர்டில் எண் 20 கூடியதும் சராசரி வேகமும் 20 கூடிவிடாது என்பது உண்மைதான். ஆனால் கொஞ்சம் கூடினாலே கணக்கு இப்படி.

உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து விடியுமுன் கிளம்புகிறவர்கள். இந்த ஊரிலிருந்து வெளியேறும் சாலைகளின் ஓரங்களில் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. சாப்பாட்டுத் தூக்குவாளியும் கையுமாக ஒரு பெண் அந்த இருட்டில் சாலையைக் கடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான்குவழிச் சாலையில் ஒரு பக்கத்து அகலம் மட்டும் 7 மீட்டர். வேலை தேய்த்த காலோடு விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் 7 விநாடி. அந்த 7 விநாடிக்குள் 100இல் வரும் கார் 194 மீட்டர் வந்துவிடும். 120இல் வருவது 233 மீட்டர். அவ்வளவு தூரத்தில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள்தான் தெரியும். அவை வேகமாக வருகின்றனவா, மெதுவாகவா என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. வேகம் கூடக்கூட, அந்தக் கணிப்பின் பாரம் ஓட்டுகிறவனிடமிருந்து கடக்கிறவள் மேல் மாற்றிவைக்கப்படுகிறது. செத்துப்போனால் 'குறுக்கே வந்துட்டா' என்று ஒரு வரி.

மீடியனில் திறப்பு அரை மைல் தள்ளியோ, அதற்கும் அப்பாலோ இருக்கும். மொபெட்காரர் அதுவரை போய்த் திரும்பாமல் எதிர்த்திசையில் ஓரமாக வருவார். அதற்குப் பெயர் 'ராங் சைடு', குற்றம் அவருடையது. ஊரை இரண்டாக வெட்டிச் சாலை போட்டவர்கள் யாரும் ராங் சைடில் வந்ததாகக் கணக்கில் இல்லை. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போகும் கூட்டத்துக்கு முதுகில் ஒட்ட மினுக்கும் ஸ்டிக்கர் கொடுக்கப்படுகிறது. நல்ல காரியம்தான். ஆனாலும், மினுங்க வேண்டியது நடக்கிறவனின் கடமையாகிவிட்டது.

துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை எடுத்துக்கொள்வோம். 2015 முதல் புதிய சரக்கு வண்டிகளுக்கு ஸ்பீடு கவர்னர் கட்டாயம்; 80க்கு மேல் வண்டியே போகாது. டேங்கர்களுக்கு 60. சொந்தக் காருக்கு அப்படி எதுவும் கிடையாது, போர்டு மட்டும்தான். கூலிக்கு ஓட்டுகிறவனின் வரம்பு இன்ஜினுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. சொந்தமாய் ஓட்டுகிறவரின் வரம்பு அவர் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. இன்னொரு வேடிக்கை: 2019 ஜூலையிலிருந்து புதிய கார்களில் 80ஐத் தாண்டினாலே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும், 120ஐத் தாண்டினால் விடாமல் அடிக்க வேண்டும் என்பது விதி. சட்டம் 100 வரை போகலாம் என்கிற சாலையில் வண்டி 80லேயே 'போதும்' என்கிறது. லாரி டிரைவருக்கோ நடைக்கு நடை கூலி என்பதால் வேகத்தில் போனதை ராத்திரித் தூக்கத்தில் பிடிக்கிறார்; தூக்கம் மீறினால் சாலையோரம் விளக்கில்லாமல் நிறுத்திவிட்டுப் படுக்கிறார்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நல்ல சாலையில் வரம்பைக் குறைத்து வைத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள், அது மாமூலுக்குத்தான் வழி என்கிறார்கள். நமக்குத் தெரிந்த விஷயம்தான். வேகத்தைவிட, வேகங்களுக்கிடையிலான வித்தியாசமே ஆபத்து என்றும் ஒரு வாதம் உண்டு. சரி. அப்படியானால் 80க்கு மேல் போக முடியாத லாரியும், 50இல் போகும் மொபெட்டும் ஓடுகிற அதே சாலையில் காரை மட்டும் உயர்த்துவது வித்தியாசத்தைக் குறைக்கவா, கூட்டவா? ஜெர்மனியின் ஆட்டோபானைக் காட்டுகிறவர்கள், அங்கே நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும் அனுமதியே இல்லை என்பதைச் சொல்வதில்லை. வேகத்தை எதிர்ப்பது பழமைவாதம் என்கிற குற்றச்சாட்டும் வரும். இவான் இல்லிச் 1970களிலேயே இதற்கு வேறுமாதிரிக் கணக்குப் போட்டார். காருக்காக உழைக்கும் நேரத்தையும் சேர்த்தால் அமெரிக்கரின் உண்மையான வேகம் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு என்றார். அவருடைய கணக்கை முழுசாக ஏற்க வேண்டியதில்லை. ஒருவர் மிச்சம் பிடிக்கும் நேரம் வேறொருவரிடமிருந்து எடுக்கப்பட்டது என்ற அவருடைய பார்வைதான் இங்கே முக்கியம்.

இந்தக் கரைக்கு இது புதிய சங்கதி அல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் பார்களைச் சோதித்து, சிப்பி முற்றியிருந்தால்தான் குளிக்க அனுமதி. சங்கு குளிப்பில், அளவு வளையத்துக்குள் நுழைந்துவிடும் சின்னச் சங்கைக் கடலிலேயே திரும்பப் போட வேண்டும். விசைப்படகு வந்தபோது கட்டுமரக்காரர்களும் வள்ளக்காரர்களும் நடத்திய சண்டையும் வேகச் சண்டைதான். குதிரைத்திறன் கூடியவன் அள்ளிக்கொண்டு போவதற்கு எதிரான சண்டை. அதன் விளைவாக வந்த 1983ஆம் ஆண்டு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைலை விசைப்படகுக்கு மூடியது. விதிகள் போய்வரும் நேரத்தையும் வரையறுத்தன. அது மீறப்படுகிறது, தங்குகடல் கேட்டு விசைப்படகுத் தரப்பு குரல் கொடுக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் மெதுவானவருக்கென்று ஒரு பரப்பு உண்டு என்று கடலில் சட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறது. தரையில் அப்படி ஒரு மூன்று மைல் கிடையாது.

அதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது என்பதை இயக்கத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 112ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மை கருதியோ எந்தச் சாலையிலும் வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கும் அது அதிகாரமளிக்கும் அமைப்புக்கும் உரிமை தருகிறது. ஒரு மாதத்துக்கு மிகாத கட்டுப்பாடு என்றால் அறிவிக்கைகூடத் தேவையில்லை; போர்டு வைத்தால் போதும். தைப்பூசத்துக்கு ஒரு மாதம் தாராளம். 2019 திருத்தத்தில் சேர்ந்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தவறி உயிர்ப்பலி நேர்ந்தால் சாலை அமைத்தவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஒரு லட்சம் அவர்களுக்குப் பெரிய தொகை அல்ல. ஆனால் 'குறுக்கே வந்துட்டா' என்று எழுதப்படும் வழக்கில், மீடியன் திறப்பு எங்கே இருந்தது, விளக்கு எரிந்ததா என்ற கேள்விகளைக் கோர்ட்டுக்குள் கொண்டுபோக அது ஒரு கதவு. உப்பளத் தொழிலாளர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில், கூலிக்கும் மழைக்கால நிவாரணத்துக்கும் அடுத்த வரியாக, எந்தெந்த இடத்தில் கடக்கிறார்கள், அங்கே எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிச் சேர்க்கலாம்.