கடைச் சேர்வரின் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது?

நமது மொத்த வியாபாரக் கடைகளிலும் ஹாட்வெயார்களிலும் பில், ஸ்டொக், கடன் கணக்கு எல்லாம் இன்று கம்பியூட்டரில்தான். பல பில் மென்பொருள்களின் பின்னால் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள சேர்வர் ஓடுகிறது. கம்பியூட்டரைப் போட்டதும் அது தானாகத் தொடங்கிவிடும். எப்படித் தொடங்க வேண்டும் என்பதைச் சில கட்டளைகள் தீர்மானிக்கின்றன. விண்டோஸில் இவை பெரும்பாலும் 'மை.ஐஎன்ஐ' என்ற கோப்பில் இருக்கும். மென்பொருளைப் போட்டுத் தந்த தம்பி எழுதியதோடு சரி, முதலாளிமார் திறந்து பார்ப்பதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது 'பைன்ட்-அட்ரஸ்' என்ற வரி. அதில் 127.0.0.1 என்றிருந்தால் அதே கம்பியூட்டரில் இருந்து மட்டுமே சேர்வரை அணுகலாம். ஒரு கவுண்டர் உள்ள கடைக்கு இது போதும். பல கவுண்டர்கள் இருந்தால் கடையின் உள் வலையமைப்பில் சேர்வருக்குரிய முகவரியைக் கொடுக்க வேண்டும். 0.0.0.0 என்றாலோ, வரியே இல்லாவிட்டாலோ எல்லாப் பக்கத்திலிருந்தும் அழைப்பை ஏற்கும். வீட்டிலிருந்து கணக்குப் பார்ப்பதற்காக ரவுட்டரில் 3306 என்ற வாயிலையும் திறந்து விட்டால் உலகமே வந்து தட்டும். வீட்டிலிருந்து பார்க்க விபிஎன் போட்டுக்கொள்வதே நல்லது.

அடுத்தது 'ஸ்கிப்-கிராண்ட்-டேபிள்ஸ்'. கடவுச்சொல் மறந்துபோனால் சற்று நேரத்துக்குப் போடும் கட்டளை இது. அது இருக்கும்வரை சேர்வர் யாரிடமும் கடவுச்சொல் கேட்காது. எட்டாம் பதிப்பு அந்நேரம் வெளித் தொடர்பைத் தானே துண்டித்துவிடும். பழைய பதிப்புகள் அப்படிச் செய்வதில்லை. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

இது வீண் பயமல்ல. 2017 ஜனவரியில் மொங்கோடிபி என்ற இன்னொரு வகைச் சேர்வரில், கடவுச்சொல் இன்றி இணையத்துக்குத் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான தரவுத்தளங்களை அழித்துவிட்டு பிட்கொயினில் கப்பம் கேட்டார்கள்.

மின்வெட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு வரியும் உண்டு. 'ஃப்ளஷ் லொக்' என்ற சொற்கள் வரும் வரியில் 1 என்றிருந்தால் ஒவ்வொரு பதிவும் உடனே டிஸ்கில் எழுதப்படும். வேகத்துக்காகச் சிலர் 2 என்று மாற்றுவார்கள். அப்போது கரண்ட் போனால் கடைசி ஒரு செக்கன் அளவிலான பதிவுகள் போய்விடலாம். ஒரு செக்கன்தானே என்று நினைக்கக் கூடாது. வாடிக்கையாளர் கையில் பில் இருக்கும், உங்கள் கணக்கில் அந்தக் கடன் இராது. கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா 282ஆம் வசனம் வலியுறுத்துவதை அறிந்த நமக்கு, இந்த இடத்தில் வேகம் முக்கியமல்ல.

கோப்பில் எதை மாற்றினாலும் சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால்தான் அது நடைமுறைக்கு வரும். பெக்கப் ஒன்று எடுத்த பிறகு, கடை மூடியதும் அதைச் செய்யச் சொல்லுங்கள்.