காயாத சட்டை

பள்ளிச் சீருடையை எத்தனை நாளுக்கு ஒரு முறை துவைக்க வேண்டும்? எளிய கேள்விதான். ஆனால் புனேயில் பதிலைத் தீர்மானிப்பது மழையும், குழாய்த் தண்ணீரும், பீரோவில் எத்தனை செட் இருக்கிறது என்பதும்.

ஜூன் மாத மாலை ஆறு மணி. புனேயின் பர்வதி மலைச்சரிவில் நெருக்கியடித்து நிற்கும் ஒற்றை அறை வீடுகளில், பள்ளியிலிருந்து திரும்பும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் சட்டை கழற்றிய கையோடு பக்கெட்டுக்குள் போகிறது. சோப்பு, கசக்கல், இரண்டு அலசல். பிறகு அறைக்குள்ளேயே கட்டிய கயிற்றில், மின்விசிறிக்கு நேர் கீழே அது தொங்குகிறது. இந்த அவசரத்துக்குச் சுத்தத்தின் மீதுள்ள அக்கறை மட்டும் காரணமல்ல. மறுநாள் காலை குழந்தை போட்டுக்கொள்ளப் போவதும் இதே சட்டையைத்தான்.

சில கிலோமீட்டர் தள்ளி, கோத்ரூட் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதே வயதுக் குழந்தைக்கு ஐந்து சட்டைகள் இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கின்றன. வாஷிங் மெஷின் வாரத்துக்கு இரண்டு முறை ஓடுகிறது. அங்கே கவலை வேறு விதம். பாவாடையை அடிக்கடி துவைத்தால் சாயம் போய்விடுமா? ஸ்வெட்டரை மெஷினில் போடலாமா? விளையாட்டுப் பீரியட் இல்லாத நாளில் போட்ட சட்டையை இன்னொரு நாள் ஓட்டலாமா?

இரண்டு வீட்டுத் தாய்மார்களும் கேட்பது ஒரே கேள்விதான். ஆனால் ஒரே பதிலை இருவருக்கும் சொல்லிவிட முடியாது.

மருத்துவம் சொல்லும் பதில் ஓரளவு தெளிவானது. பெரியவர்களின் அக்குள் நாற்றத்துக்குக் காரணமான வியர்வைச் சுரப்பிகள் பருவ வயதில்தான் வேலை செய்யத் தொடங்குகின்றன. ஆறு வயதுக் குழந்தையின் சட்டை நாள் முழுக்கப் போட்டிருந்த பிறகும் பெரிதாக நாறுவதில்லை. ஆகவே சட்டையை முகர்ந்து பார்த்து, "பரவாயில்லை, நாளைக்கும் போடலாம்" என்று தீர்ப்பு வழங்கும் அப்பாக்களின் சோதனை இந்த வயதில் செல்லாது. சின்னக் குழந்தையின் சட்டையில் சேரும் அழுக்கு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. மதிய உணவுக் கிச்சடியின் மஞ்சள், ஸ்கெட்ச் பேனா, மைதானத்துச் சேறு, கைக்குட்டை பையில் இருக்கும்போதே மூக்கைத் துடைத்துக்கொண்ட சட்டைக் கை. இவற்றில் பாதிக்கு வாடையே கிடையாது.

எனவே உடைகளை ஒரே மூட்டையாகக் கட்டாமல் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. ஜட்டி, பனியன், காலுறை, கைக்குட்டை ஆகியவற்றைத் தினமும் துவைக்க வேண்டும். இதில் சலுகைக்கே இடமில்லை. சட்டையையும், குறைந்தது தொடக்கப் பள்ளி வயதில், தினமும் மாற்றிவிடுவதே சரி. பாவாடை, டிரவுசர் போன்றவை உடலோடு அவ்வளவாக ஒட்டுவதில்லை. கறை படவில்லையென்றால், மாலையில் உதறி, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிக் காற்றாடப் போட்டு இரண்டு மூன்று நாள் அணியலாம். உள்ளே சட்டை இருப்பதால் ஸ்வெட்டருக்கு வாரம் ஒரு முறை போதும். பெல்ட்டையும் டையையும் ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லாரும் மறப்பது புத்தகப் பையை. சாப்பாட்டு டப்பா கசிந்த பையை முதுகில் மாட்டினால், காலையில் போட்ட வெள்ளைச் சட்டை பள்ளி வாசலை அடையும் முன்பே அழுக்காகிவிடும்.

நோய் வந்தால் கணக்கு மாறுகிறது. வாந்தி, பேதி பட்ட உடைகளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். சொறி சிரங்கை உண்டாக்கும் நுண்ணிய பூச்சி, மனிதத் தோலை விட்டு விலகினால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர் வாழ்வதில்லை. சிகிச்சை தொடங்கும் நாளில், அதற்கு முந்தைய சில நாட்கள் அணிந்த உடைகள் அனைத்தையும் நல்ல சூடான நீரில் அலசிவிட வேண்டும். சுடுநீரில் போட முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் ஒதுக்கி வைத்தாலும் போதும். குழந்தைக்கு மட்டும் மருந்து தடவிவிட்டு வீட்டில் மற்றவர்களை விட்டுவிட்டால், எவ்வளவு துவைத்தும் பயனில்லை.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. நுரை அதிகமாக இருந்தால் சுத்தம் அதிகம் என்ற நம்பிக்கையில் டிடர்ஜென்ட்டை அள்ளிக் கொட்டி, அரைகுறையாக அலசினால், துணியில் தங்கும் சலவைத் தூளே குழந்தையின் கழுத்தில் அரிப்பை உண்டாக்கும். வெள்ளைச் சட்டைக்குப் போடும் நீலம் அழுக்கைப் போக்குவதில்லை. மஞ்சள் நிறத்தைக் கண்ணுக்கு மறைக்கிறது, அவ்வளவுதான். பிளீச் கம்பளி ஸ்வெட்டரைக் கெடுத்தேவிடும்.

துவைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியான காய வைப்பதில்தான் புனே தன் குணத்தைக் காட்டுகிறது.

மகாராஷ்டிரத்தின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் வழக்கமாக ஜூன் நடுவில் திறக்கின்றன. தென்மேற்குப் பருவமழை புனேயை எட்டுவது ஏறக்குறைய ஜூன் இரண்டாவது வாரத்தில். ஆக, புதுச் சீருடையும் மழையும் ஒன்றாகவே வருகின்றன. புனேயின் மழை மும்பையைப் போலக் கொட்டித் தீர்ப்பதல்ல. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து சுமார் 750 மில்லிமீட்டர்தான், மும்பையில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் அது நாள் கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும். சூரியன் தலைகாட்டாது. மதுரையிலோ திருச்சியிலோ ஜூன் வெயிலில் ஒரு மணி நேரத்தில் மொறமொறப்பாகும் துணி, இங்கே இரண்டு நாளாகியும் தையல் ஓரங்களில் ஈரம் வைத்திருக்கும். மாற்றலாகி புனே வரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் மழைக்காலத்தில் கற்கும் பாடம் இது.

ஈரத்தோடு மாட்டி அனுப்பும் உடையால் வருவது வெறும் அசௌகரியம் மட்டுமல்ல. ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த இடங்கள் பூஞ்சைக்குப் பிடித்தமானவை. இடுப்பு, அக்குள், கால் விரலிடுக்கு ஆகிய இடங்களில் படர்தாமரை வட்டம் வட்டமாகக் கிளம்புகிறது. ஒரு நாள் கூடுதலாகப் போட்ட காய்ந்த சட்டையைவிட, புதிதாகத் துவைத்த ஈரச் சட்டை மோசமானது. மழைக்காலத்தில் சீருடை விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டிய முதல் விதி இதுதான். காயவில்லை என்றால் துவைத்ததாகவே கணக்கில்லை.

சமாளிக்க வழிகள் உண்டு. இரவில் துவைக்காமல், பள்ளி விட்டு வந்தவுடன் துவைத்தால் ஐந்தாறு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பிழிந்த சட்டையைக் காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் நீரில் கணிசமான பங்கைத் துண்டு வாங்கிக்கொள்ளும். கொடியில் மடித்துப் போடாமல் ஹேங்கரில் மாட்டினால் இருபுறமும் காற்றுப் படும். காலையில் காலர், பட்டன் பட்டி, தையல் ஓரங்களில் சூடான இஸ்திரிப் பெட்டியை நிதானமாக ஓட்டினால் மிச்ச ஈரம் போகும். சீருடைத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது என்பது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். அது பருத்தியைவிடச் சீக்கிரம் காய்கிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, வியர்வை பட்ட பாலியஸ்டர் பருத்தியைவிட மோசமாக நாறுகிறது. நாற்றத்தை உண்டாக்கும் சில பாக்டீரியாக்கள் அந்த இழைகளில் நன்றாகவே வளர்கின்றன. உயர் வகுப்புக்குப் போகும் அண்ணன்மாருக்கு இந்தச் செய்தி அதிகம் பொருந்தும்.

அடுத்த தடை தண்ணீர். கடக்வாஸ்லா, பான்ஷெத், வரஸ்காவ், தெம்கர் ஆகிய நான்கு அணைகளை நம்பியிருக்கும் நகரம் புனே. 2015-ல் மழை பொய்த்தபோது, அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து அடுத்த மழைக்காலம் வரை, நகருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வந்தது. 2017-லும் 2021-லும் மாநகராட்சியுடன் இணைந்த புறநகர்க் கிராமங்களில் கோடை என்றால் டேங்கர் லாரிதான். வெயில் இருக்கும் மாதங்களில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருக்கும் மாதங்களில் வெயில் இல்லை.

இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தேவை. அதில் துணி துவைக்க ஒதுக்கப்பட்டது 20 லிட்டர். நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு 80 லிட்டர். மேலே மூடி திறக்கும் தானியங்கி வாஷிங் மெஷின் ஒரு முறை முழுதாக ஓடினாலே 100 லிட்டரைத் தாண்டிவிடும். ஒரு குழந்தையின் ஒரு சட்டைக்காகத் தினமும் மெஷினை ஓட்டினால், குடும்பம் முழுவதற்குமான ஒதுக்கீடும் அதிலேயே கரைந்துவிடும். கையால் ஒரு சட்டையைக் கசக்கி அலச ஒரு பக்கெட்டில் முடிந்துவிடும். இந்த விஷயத்தில் பர்வதி மலைச்சரிவின் பக்கெட், கோத்ரூட்டின் மெஷினைவிடப் புத்திசாலி.

ஆனால் அந்தப் பக்கெட்டுக்குள் தினமும் மாலையில் விழுவது ஒரே சட்டையாக இருக்கும்வரை, எந்த அறிவுரையும் உதவாது. வாரத்தில் ஒரு நாள் கரண்ட் போய் விசிறி நின்றாலும், மறுநாள் காலை ஈரச் சட்டையா, பள்ளிக்கு மட்டமா என்பதுதான் மிச்சமிருக்கும் தேர்வு. கறை படிவது நல்லதே என்று 2005 முதல் ஒரு சலவைத் தூள் விளம்பரம் தொலைக்காட்சியில் சொல்லி வந்திருக்கிறது. கறை பட்ட சட்டையைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ள இன்னொன்று இருப்பவர்களுக்கு அது உண்மைதான்.

அரசுக்கு இது தெரியாமலில்லை. மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டம், அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் எல்லாப் பெண் குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பையன்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு செட் சீருடைக்காக ஒரு குழந்தைக்கு 600 ரூபாய் என்று வரையறுத்தது. அதாவது தையல் கூலியும் சேர்த்து ஒரு செட்டுக்கு 300 ரூபாய். மகாராஷ்டிர அரசு 2023-ல் மற்ற பையன்களையும் இதில் சேர்த்தது. 2024-25 கல்வியாண்டில், மாநிலம் முழுவதற்கும் துணியை மொத்தமாக வாங்கி, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூலம் தைத்துத் தர முயன்றது. பல பள்ளிகளில் சீருடை மாதக்கணக்கில் தாமதமானது. வந்தவற்றிலும் அளவு சரியில்லை என்ற புகார்கள் எழுந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் பொறுப்பு மீண்டும் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடமே திரும்பியது. இரண்டு செட் என்று ஏட்டில் இருந்த கணக்கு, மழைக்காலம் முழுக்கப் பல வீடுகளில் போன வருடத்துப் பழைய செட்டாகவே இருந்தது.

தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தில் உள்ள எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு இலவசச் சீருடை நான்கு செட் வரை உயர்ந்தது. காய்ந்து போன வெயில் கொண்ட மாநிலத்தில் நான்கு, நனைந்த ஜூலை கொண்ட புனேயில் இரண்டு. சீருடை எண்ணிக்கையை நிர்ணயிப்பவர்கள் வானிலை அறிக்கையையும் ஒரு கண் பார்க்கலாம்.

ஒரு சட்டைக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்பவர்களுக்கு வெளிநாட்டு அனுபவங்கள் பதில் சொல்கின்றன. கென்யாவில் ஏழைக் குழந்தைகளுக்குக் குலுக்கல் முறையில் இலவசச் சீருடை வழங்கிப் பார்த்தார்கள். கிடைத்தவர்கள் பள்ளிக்கு மட்டம் போடுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. முன்பு சீருடையே இல்லாதிருந்தவர்களிடம் பாதிக்கு மேல் குறைந்தது. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த நன்மை நிலைத்திருக்கவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் ஒளிக்காமல் பதிவு செய்தார்கள். ஒரு முறை கொடுத்து மறந்துவிடும் விஷயமல்ல இது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், துவைத்த உடை இல்லாததால் குழந்தைகள் வராமல் போவதைக் கவனித்து, 2015-ல் வாஷிங் மெஷின்களைப் பள்ளிகளிலேயே வைத்துப் பார்த்தார்கள். வருகைப்பதிவு உயர்ந்தது. அழுக்குச் சட்டைக்காக வரிசையிலிருந்து வெளியே நிறுத்தும் ஆசிரியர்கள், தண்டிக்கப்படுவது குழந்தையா, அதன் வீட்டுக் குழாயா என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

மாற்று உடையின் மதிப்பு புனேக்குப் புதிதல்ல. 1848-ல் ஜோதிராவ் புலே, புத்வார் பேட்டையின் பிடே வாடாவில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது, அங்கே பாடம் சொல்லித்தர நடந்து போன அவர் மனைவி சாவித்ரிபாய் மீது வழியில் சாணமும் சேறும் வீசப்பட்டன. அவர் பையில் இன்னொரு புடவையை எடுத்துப்போனதாகவும், பள்ளிக்கு வந்ததும் மாற்றிக்கொண்டு வகுப்பைத் தொடங்கியதாகவும் அவரது வரலாறு சொல்கிறது. தேசிய நினைவகம் எழுப்புவதற்காக அந்தப் பழைய கட்டடம் 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது.

சாவித்ரிபாய்க்கு அன்று இரண்டாவது புடவை இருந்ததால் பாடம் நின்றுபோகவில்லை. பர்வதி மலைச்சரிவில் விசிறிக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும் சட்டைக்கும் அருகில் காய்ந்த இன்னொன்று தொங்கினால் போதும். எத்தனை நாளுக்கு ஒரு முறை துவைப்பது என்பதை அந்தத் தாயே பார்த்துக்கொள்வாள்.