விசைப்பலகையில் இல்லாத எழுத்து

உங்கள் கணினியின் விசைப்பலகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், மாணவர்களே. 26 ஆங்கில எழுத்துகள், 10 எண்கள், சில நிறுத்தக் குறிகள். ஆங்கிலக் கட்டுரை எழுத இது போதும். மலாய்க் கட்டுரைக்கும் போதும். ஆனால், ஸ்பெயின் நாட்டின் பெயரை அந்நாட்டு மக்கள் எழுதுவது போலவே எழுத இந்த விசைகள் போதா!

அவர்கள் தங்கள் நாட்டை 'எஸ்பாஞா' என்று அழைக்கிறார்கள். அதில் வரும் 'ஞ' ஒலிக்கு ஸ்பானிய மொழியில் தனி எழுத்து உண்டு. ஆங்கில 'என்' எழுத்தை எழுதி, அதன் தலைமேல் சிறிய வளைகோடு ஒன்றைப் போட்டால் அதுதான் அந்த எழுத்து. அதன் பெயர் 'எஞே'. மலாய் மொழியில் கொசுவை 'ஞாமுக்' என்கிறோம் அல்லவா? அந்த முதல் ஒலியை மலாய் மொழி 'என்', 'வை' என இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிறது. தமிழும் ஸ்பானிய மொழியும் ஒரே எழுத்தால் எழுதிவிடுகின்றன.

சிங்கப்பூரில் கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் ஸ்பானிய மொழியை மூன்றாம் மொழியாகப் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப்பாடத்தைக் கணினியில் செய்ய உட்கார்ந்ததும் அவர்கள் சந்திக்கும் முதல் சிக்கல் இதுதான். இந்த எழுத்தை எப்படித் தட்டச்சு செய்வது? அந்தக் கேள்விக்கு விடை தேடினால், கணினி எழுத்துகளை எப்படிக் கையாள்கிறது என்பதே புரிந்துவிடும்.

கோடு போனால் பொருள் போகும்

'அந்த வளைகோட்டை விட்டுவிட்டால்தான் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். 'ஆஞோ' என்றால் ஆண்டு. வளைகோட்டை விட்டால் அது 'ஆனோ' ஆகிவிடும். அதன் பொருள் ஆசனவாய்! 'எனக்கு 15 வயது' என்பதை ஸ்பானிய மொழியில் 'எனக்கு 15 ஆண்டுகள் உள்ளன' என்றுதான் சொல்வார்கள். கோட்டை மறந்தால் என்னவாகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

'பேஞா' என்றால் பாறை; அது பலருக்குக் குடும்பப் பெயரும்கூட. கோடு இல்லாத 'பேனா' என்றால் துயரம். நாம் எழுதும் பேனாவோடு இதற்குத் தொடர்பில்லை!

உயிரெழுத்துகளின் மேல் வரும் சாய்கோடும் அப்படித்தான். சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதை அது காட்டுகிறது. இலத்தீன் அமெரிக்காவில் 'பாப்பா' என்பதை முதல் அசையை அழுத்திச் சொன்னால் உருளைக்கிழங்கு. கடைசி எழுத்தின்மேல் சாய்கோடு போட்டு, அந்த அசையை அழுத்தினால் அப்பா.

இந்த வளைகோடு எங்கிருந்து வந்தது? ஆண்டு என்பதற்கான இலத்தீன் சொல்லில் இரண்டு 'என்' அடுத்தடுத்து வரும். இடைக்காலத்தில் தோலேடுகளில் நூல்களைப் படியெடுத்தவர்கள், இடத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்த ஒரு 'என்' எழுதி, மற்றொன்றை அதன் தலைமேல் சிறிதாக ஏற்றினார்கள். நாளடைவில் மேலே ஏறியது வளைகோடாகத் தேய்ந்தது. இன்று எஞே, ஸ்பானிய மொழியின் 27 எழுத்துகளில் ஒன்று. அகராதியில் 'என்' வரிசை முழுவதும் முடிந்த பிறகுதான் எஞே வரிசை தொடங்கும்.

விசைக்கும் திரைக்கும் நடுவே

'ஏ' என்று அச்சிட்ட விசையை அழுத்தினால், விசைப்பலகை கணினிக்கு 'ஏ' என்ற எழுத்தை அனுப்புகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது சரியன்று. 'இந்த இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டது' என்ற செய்தியை மட்டுமே அது அனுப்புகிறது. எந்த இடத்துக்கு எந்த எழுத்து என்பதைக் கணினியில் உள்ள விசை அமைப்பு என்ற மென்பொருள்தான் முடிவு செய்கிறது.

கணினியின் விசை அமைப்பை ஸ்பானிய மொழிக்கு மாற்றிவிட்டு, 'எல்' விசைக்கு வலப்பக்கம் உள்ள விசையை அழுத்துங்கள். விசையின்மேல் அரைப்புள்ளிதான் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால், திரையில் எஞே தோன்றும்! ஸ்பெயினில் விற்கப்படும் விசைப்பலகைகளில் எஞே இருக்கும் இடம் அதுதான்.

எழுத்து முடிவானதும் கணினி அதை ஓர் எண்ணாகச் சேமிக்கிறது. கணினிக்கு எண்கள்தாம் தெரியும். ஆக, ஓர் எழுத்து கணினிக்குள் வாழ வேண்டுமானால் அதற்கு ஓர் எண் வேண்டும். எஞேயின் உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

128 இருக்கைகள்

1963இல் அமெரிக்காவில் 'ஆஸ்கி' என்ற எண் அட்டவணை வெளியானது. அது 7 பிட் அட்டவணை. 2ஐ ஏழு முறை பெருக்கினால் 128. எனவே, மொத்தம் 128 இருக்கைகள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள், குறிகள், இயந்திரத்துக்கான கட்டளைகள் ஆகியவை உட்கார்ந்ததும் இடம் நிரம்பிவிட்டது. எஞேக்கு இருக்கை இல்லை. தமிழ் எழுத்துகளுக்கும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் 8 பிட் கொண்ட பைட் வழக்கமானது. இருக்கைகள் 256 ஆயின. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினி, கூடுதலாகக் கிடைத்த இடங்களில் ஐரோப்பிய எழுத்துகள் சிலவற்றை வைத்தது. அதில் எஞேயின் எண் 164. பிறகு வந்த விண்டோஸ் வேறோர் அட்டவணையைப் பயன்படுத்தியது. அதில் எஞேயின் எண் 241. ஒரே எழுத்துக்கு இரண்டு எண்கள்!

விண்டோஸ் கணினிகளில் இன்றும் இரண்டு எண்களும் வேலை செய்கின்றன. 'ஆல்ட்' விசையை அழுத்திப் பிடித்தபடி, வலப்பக்க எண்விசைத் தொகுதியில் எண்ணைத் தட்டிவிட்டு, 'ஆல்ட்' விசையை விடுங்கள். முன்னால் 0 இல்லாவிட்டால் கணினி பழைய அட்டவணையைப் பார்க்கும். 0 இருந்தால் விண்டோஸ் அட்டவணையைப் பார்க்கும்.

சிறிய எஞே: 164 அல்லது 0241
பெரிய எஞே: 165 அல்லது 0209
சாய்கோட்டுடன் சிறிய 'ஏ': 160 அல்லது 0225
சாய்கோட்டுடன் சிறிய 'இ': 130 அல்லது 0233
சாய்கோட்டுடன் சிறிய 'ஐ': 161 அல்லது 0237
சாய்கோட்டுடன் சிறிய 'ஓ': 162 அல்லது 0243
சாய்கோட்டுடன் சிறிய 'யூ': 163 அல்லது 0250
இரு புள்ளியுடன் சிறிய 'யூ': 129 அல்லது 0252
தலைகீழ்க் கேள்விக்குறி: 168 அல்லது 0191
தலைகீழ் வியப்புக்குறி: 173 அல்லது 0161

கடைசி இரண்டும் அச்சுப்பிழை அல்ல. ஸ்பானிய மொழியில் கேள்வி வாக்கியத்தின் தொடக்கத்திலும் ஒரு கேள்விக்குறி வரும், தலைகீழாக! படிப்பவர் தொடக்கத்திலேயே குரலைச் சரிசெய்துகொள்ள அது உதவுகிறது.

நகரா விசை

எண்களை மனனம் செய்வது கடினம். எண்விசைத் தொகுதி இல்லாத மடிக்கணினியில் அந்த வழி உதவாது. அதைவிட எளிய வழியைப் பழைய தட்டச்சு இயந்திரங்கள் கற்றுத் தந்திருக்கின்றன.

தட்டச்சு இயந்திரத்தில் ஒரு விசையைத் தட்டினால் எழுத்து தாளில் பதியும். உடனே தாள் ஓர் இடம் நகரும். ஆனால், சாய்கோட்டு விசையைத் தட்டினால் கோடு மட்டும் பதியும், தாள் நகராது. அடுத்து 'ஏ' தட்டினால் அது அதே இடத்தில், கோட்டுக்குக் கீழே பதியும். ஐந்து உயிரெழுத்துகளுக்கும் ஐந்து தனி விசைகள் வைக்காமல் ஒரே விசையில் வேலையை முடித்துவிட்டார்கள். தமிழில் இதற்கு 'நகரா விசை' என்று பெயர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்திலும் நகரா விசைகள் இருந்தன. 247 எழுத்துகளைக் கொண்ட தமிழைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேறு வழி ஏது?

இந்த உத்தி இன்றைய கணினியிலும் இருக்கிறது. விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று, ஆங்கிலத்தின்கீழ் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' என்ற விசை அமைப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒற்றை மேற்கோள் விசையைத் தட்டினால் திரையில் எதுவும் தோன்றாது. அடுத்து 'ஏ' தட்டினால் சாய்கோட்டுடன் 'ஏ' வரும். வளைகோட்டு விசையைத் தட்டி 'என்' தட்டினால் எஞே வரும். வலப்பக்க 'ஆல்ட்' விசையுடன் 'என்' விசையைச் சேர்த்து அழுத்தினாலும் எஞே கிடைக்கும். மேற்கோள் குறியே வேண்டுமென்றால், அதைத் தட்டியபின் இடைவெளி விசையைத் தட்டுங்கள்.

மெக் கணினியில் 'ஆப்ஷன்' விசையுடன் 'என்' அழுத்தி, பிறகு மீண்டும் 'என்' தட்டுங்கள். சாய்கோட்டுக்கு 'ஆப்ஷன்' விசையுடன் 'இ' அழுத்தி, பிறகு உயிரெழுத்தைத் தட்டுங்கள். திறன்பேசியில் 'என்' எழுத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலே போதும். எஞே மேலே எட்டிப் பார்க்கும்.

ஒரு விசைக்காக ஒரு வழக்காடல்

எஞே எழுத்துக்கு ஒரு நெருக்கடியும் வந்தது. ஸ்பெயினில் விற்கப்படும் கணினிகளின் விசைப்பலகையில் எஞே கட்டாயம் இருக்க வேண்டும் என்று அந்நாட்டில் விதி இருந்தது. 1991இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அதை எதிர்த்தது. மற்ற நாடுகளில் செய்யப்படும் கணினிகள் ஸ்பெயினில் விற்பனையாவதை இந்த விதி தடுக்கிறது, இது தடையற்ற வணிகத்துக்கு முரணானது என்பது அதன் வாதம்.

ஸ்பானிய மொழி பேசுவோர் கொதித்தெழுந்தார்கள். கொலம்பியாவைச் சேர்ந்த நோபல் பரிசு எழுத்தாளர் கேப்ரியல் கார்சியா மார்க்கேஸ் எஞேக்காகக் குரல் கொடுத்தார். 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், நாடுகளின் பண்பாட்டைக் காப்பதற்கு இடமளித்தது. அதை ஆதாரமாகக் கொண்டு 1993இல் ஸ்பெயின் அரசு புதிய ஆணை பிறப்பித்தது. எஞே விசை தப்பிப் பிழைத்தது!

எண் மாறினால் எழுத்து மாறும்

1991இல் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஒருங்குறி எனப்படும் யூனிகோடின் முதல் பதிப்பு வெளிவந்தது. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தருவதே அதன் நோக்கம். எஞேயின் எண் 241. நம் 'அ' எழுத்தின் எண் 2949.

இத்தகைய எண்களைச் சேமிக்க இன்று பரவலாகப் பயன்படுவது யுடிஎஃப்-8 என்ற முறை. 128க்குக் குறைவான எண்ணுக்கு ஒரு பைட் போதும். எஞேக்கு இரண்டு பைட் தேவை. கணக்கு எளிது. 241ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 49. ஈவுடன் 192ஐக் கூட்டினால் 195. மீதியுடன் 128ஐக் கூட்டினால் 177. இந்த இரண்டு எண்களும்தான் கோப்பில் சேமிக்கப்படும்.

அந்தக் கோப்பைப் பழைய 256 அட்டவணையைக் கொண்டு திறந்தால் என்ன ஆகும்? 195 என்பது தலையில் வளைகோடு கொண்ட பெரிய 'ஏ'. 177 என்பது கூட்டல்-கழித்தல் குறி. எஞே இருந்த இடத்தில் இந்த இரண்டும் வந்து நிற்கும்! தமிழுக்கும் இதே கதிதான். தமிழ் எழுத்துகளுக்கு மூன்று பைட் தேவை. முதல் பைட் எப்போதும் 224. தமிழ் வரவேண்டிய இடத்தில், சாய்கோடு ஏந்திய 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்' குறியும் மாறி மாறி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? கோப்பு கெட்டுவிடவில்லை. எண்கள் சரியாகவே இருக்கின்றன, அட்டவணைதான் தவறு.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒருங்குறியில் எஞேயை 241 என்ற ஒரே எண்ணாக எழுதலாம். 110 என்ற 'என்', 771 என்ற வளைகோடு என இரண்டாகவும் எழுதலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால், எண்களை மட்டும் ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை வேறு வேறு சொற்கள். பெயர்ப் பட்டியலில் 'பேஞா' என்பவர் இருந்தும், தேடினால் கிடைக்காமல் போகலாம். தமிழில் 'கொ' எழுத்துக்கும் இப்படி இரண்டு வழிகள் உண்டு. ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாக எழுதலாம். 3014 என்ற எகரக் குறி, 3006 என்ற ஆகாரக் குறி என இரண்டாகவும் எழுதலாம். நல்ல மென்பொருள், ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

எல்லா இடங்களிலும் எஞே வென்றுவிடவில்லை. உங்கள் கடப்பிதழில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும், பாருங்கள். இயந்திரம் படிப்பதற்கான அந்த வரிகளில் ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகள், எண்கள், ஒரு நிரப்புக்குறி ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. 'பாறை' என்ற குடும்பப் பெயர் கொண்டவர் அங்கே 'துயரம்' ஆகிவிடலாம். நாளை நீங்கள் ஒரு பெயர்ப் படிவத்தையோ செயலியையோ உருவாக்கினால், 26 எழுத்துகளுக்குள் அடங்காத பெயர்களும் உலகில் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

செய்து பாருங்கள்

1. மேலே உள்ள எண்களில் 164, 0241 இரண்டையும் 'ஆல்ட்' விசையுடன் தட்டிப் பாருங்கள். ஒரே எழுத்துதான் வருகிறதா?

2. சாய்கோட்டுடன் சிறிய 'ஏ' எழுத்தின் ஒருங்குறி எண் 225. அது யுடிஎஃப்-8 முறையில் எந்த இரண்டு பைட்களாக மாறும்? 64ஆல் வகுத்துக் கண்டுபிடியுங்கள். (விடை: 195, 161)

3. உங்கள் திறன்பேசியில் உயிரெழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடியுங்கள். மேலே தோன்றும் எழுத்துகளில் எவை ஸ்பானிய மொழிக்கு உரியவை என்று பிரித்தெடுங்கள்.