இஞ்சின் பழுதில்லை, சேசிஸைத்தான் உப்பு தின்றது

அமெரிக்காவில் சிறு பண்ணைக்காரர்கள் வைக்கோல் கட்டு, தீவனம், உரம் ஏற்றிச் செல்லப் பயன்படுத்துவது பின்புறம் திறந்த தொட்டியுள்ள பிக்கப் வண்டியாகும். இவ்வகையில் டொயோட்டா நிறுவனத்தின் ‘டகோமா’ 1995-ல் விற்பனைக்கு வந்தது. இதைப் பல ஆண்டுகள் வைத்து ஓட்டியவர்கள் இஞ்சினைக் குறை சொல்வது அபூர்வம். ஆயிலை ஒழுங்காக மாற்றி, பழைய மாடல்களின் 6 சிலிண்டர் இஞ்சினுக்கு 1,45,000 கி.மீ.க்கு ஒரு முறை டைமிங் பெல்ட்டையும் மாற்றி வந்தால், 3 லட்சம் கி.மீ. தாண்டியும் உழைக்கிறது. அவர்கள் சொல்லும் குறையெல்லாம் வண்டியின் அடிப்பாகத்தில்தான்.

முதல் குறை சேசிஸ். அங்கே குளிர் மிகுந்த மாநிலங்களில் சாலையில் படியும் பனியை உருக்க உப்புத் தூவுவார்கள். உப்பு நீர் சேற்றோடு சேர்ந்து, சேசிஸின் பெட்டி போன்ற பகுதிக்குள் புகுந்து தங்கிவிடும். வெளியே வர்ணம் நன்றாகத் தெரியும். துரு உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். சுத்தியால் தட்டினால் ‘கணீர்’ என்று ஒலிக்க வேண்டிய இரும்பு ‘பொத்’தென்று அமுங்கும். பின் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடம் இப்படி அரித்துப் போனால், பாரத்தோடு போகும்போது சேசிஸ் முறியவும் கூடும்.

சில சேசிஸ்களில் துருத்தடுப்புப் போதவில்லை என்று 2008-ல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 1995-2000 மாடல்களுக்கு 15 ஆண்டு உத்தரவாதம் அளித்தது. மோசமாக அரித்த வண்டிகளைச் சந்தை மதிப்பைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. துருப்பிடித்த வண்டிக்கு இப்படி விலை கிடைப்பது எங்கும் நடக்கிற காரியமல்ல! பிந்திய மாடல்களின் துருப் புகார் வழக்காகி, 2016-ல் சமரசத்தில் முடிந்தது.

அடுத்தது ஸ்பிரிங் பட்டை. பாரமும் துருவும் சேர்ந்தால் பட்டை முறியும். முறிந்த முனை பெட்ரோல் டாங்கைக் குத்திவிடும் அபாயமும் உண்டு. இதற்காக 2005-2011 மாடல்களில் சுமார் 6,90,000 வண்டிகள் 2014-ல் திரும்ப அழைக்கப்பட்டன. முன் சக்கரத்துப் பால் ஜாயிண்டும் தேய்வது உண்டு. ஸ்டியரிங் கனத்தாலோ, முன்பக்கம் தட்டும் சத்தம் கேட்டாலோ தாமதிக்காமல் பார்க்க வேண்டும்.

டகோமா நம் நாட்டில் விற்பனையில் இல்லை. ஆனால் சேசிஸ் துருப்பிடிக்கப் பனி பெய்ய வேண்டியதில்லை. மூட்டையிலிருந்து சிந்தும் அம்மோனியம் சல்பேட்டும் பொட்டாஷும் ஈரம் பட்டால் கரைந்து இரும்பை அரிக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றே போதும். உரம் ஏற்றிய அன்றே தொட்டியைக் கூட்டி, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது நல்லது. சேசிஸில் நீர் வடியும் துளைகள் சேற்றால் அடைபட்டிருந்தால் குச்சியால் குத்திவிட வேண்டும்.

பழைய பிக்கப் வாங்குவோர் இஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பது வழக்கம். டார்ச் விளக்கும் சிறு சுத்தியும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். முக்கியமாக, அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தால் இரண்டு முறை தட்டிப் பார்க்கலாம்.